படத்துக்குக் கீழே எழுதிய வரி

என் மாமனார் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. எங்கள் பிள்ளைகளை அவர் பார்த்ததெல்லாம் தஞ்சாவூருக்கு வெளியே, புறவழிச் சாலையை ஒட்டியிருக்கும் ஒரு கஃபேயில்தான். மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றரை மணியிலிருந்து ஒரு மணி வரை. ஆனியில் தொடங்கி ஐப்பசி வரை, மொத்தம் ஐந்து முறை.

நானும் என் மனைவியும் சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். பட்டுக்கோட்டைக்குப் போகும் வழியில் ஒரு கிராமத்தில் அவர்களுக்கு நிலம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. என் குடும்பம், அப்பா காலம் வரை, அது போன்ற நிலங்களில் கூலிக்கு நட்டது, அறுத்தது. நான் படித்து ஒரு நாளிதழின் தஞ்சாவூர்ப் பதிப்பில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். அவள் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஏழு ஆண்டுகள் அவள் வீட்டிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அவளுடைய அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டார். வீட்டில் இருந்தவர்கள் அப்பாவும் ஒரு தங்கையும். அப்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் அவர் அவளைப் போனில் கூப்பிட்டார். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறது, தை மாதம் கல்யாணம் என்றார். வா என்று சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. "புள்ளைங்கள ஒரு தடவ பாக்கணும்," என்றார். அன்றிலிருந்து என் மனைவிக்கு ஒரே எண்ணம்தான். தங்கையின் கல்யாணத்தில், பிள்ளைகளோடு, அந்த வீட்டுப் பெண்ணாகப் போய் நிற்க வேண்டும். தைக்கு ஏழு மாதம் இருந்தது. இதை அவள் என்னிடம் ஒரு முறைதான் வாய்விட்டுச் சொன்னாள். ஆனால் அந்த ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் செய்தது எல்லாமே அதற்காகத்தான்.

எங்கே சந்திப்பது என்பதற்கே ஒரு வாரம் ஆனது. அவருடைய வீடு முடியாது. எங்கள் வீட்டுக்கு வாங்க என்று அவள் கேட்டதற்கு "பாப்போம்" என்றார். அவர் பேச்சில் அதற்கு இல்லை என்று பொருள். கோயில் வேண்டாம், தெரிந்தவர்கள் வருவார்கள். டவுனில் உள்ள பழைய ஓட்டல்களும் வேண்டாம். முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியவர். எந்த ஓட்டலில் உட்கார்ந்தாலும் யாராவது கைகழுவிவிட்டு ஓடிவந்து "ஐயா" என்று நிற்பார்கள். அப்போதுதான் அவள் இந்தக் கஃபேயைச் சொன்னாள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். மூன்று வருடம் முன்பு வரை வயல். இப்போது மனைப்பிரிவு: மஞ்சள் பூசிய எல்லைக் கற்கள், ஏழெட்டு வீடுகள், அந்தக் கஃபே, அதற்குப் பின்னால் இன்னும் விற்காத இரண்டு வயல். அங்கே வருகிறவர்கள் கல்லூரி மாணவர்களும், சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேறு எங்கும் நிம்மதியாக உட்கார முடியாத எங்களைப் போன்றவர்களும்தான். அவர் வயதுக்காரர்கள் வரமாட்டார்கள்.

இரண்டாவது ஞாயிறு என்று சொன்னவர் அவர்தான். அன்று ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சங்கத்துக்குத் தஞ்சாவூரில் மாதாந்திரக் கூட்டம். காலையில் அங்கே போய்ப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து இங்கே வந்துவிடுவார். வீட்டில் பொய் சொன்னதாக ஆகாது.

முதல் முறை வந்தபோது வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் துணிப்பை. பையைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். படம் போட்ட மெனு அட்டையை விடைத்தாள் திருத்துவதைப் போல முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார்.

"நம்ம சாப்புடற மாதிரி இதுல என்ன இருக்கு?"

"காபி இருக்குப்பா," என்றாள் என் மனைவி.

"அது போதும்."

அந்தக் கடையில் காபி பீங்கான் கோப்பையில் வரும். அவர் காகிதக் கோப்பையில் கேட்டார். தண்ணீர் அவருடைய பையிலேயே இருந்தது. அந்தக் காகிதக் கோப்பை எங்களுக்காகவா, யார் நடத்துகிறார்கள் என்று தெரியாத கடைக்காகவா, வெறும் பழக்கமா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. என் மனைவி பார்த்துவிட்டு மெனுவைத் திருப்பிப் படிக்க ஆரம்பித்தாள்.

மகளுக்கு அப்போது ஆறு வயது. மகனுக்கு இன்னும் மூன்று ஆகவில்லை. அவளைப் பாப்பா என்றும் அவனைத் தம்பி என்றும்தான் வீட்டில் கூப்பிடுவோம். கஃபேயில் இருந்த குழந்தைகள் நாற்காலியின் பெல்ட் அறுந்திருந்தது. தம்பியை அதில் உட்காரவைத்து, என் மனைவி தன் துப்பட்டாவால் இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். அவன் எதைத் தின்றாலும் பாதியை வெளியே தள்ளுவான். பாப்பா பீட்சாவிலிருந்து சீஸை உரித்துத் தட்டின் ஓரத்தில் சுருட்டி வைப்பாள். இரண்டு பேரையும் சாப்பிட வைப்பதற்குள் எங்கள் தட்டு ஆறிவிடும். இது எல்லா வீட்டிலும் நடப்பது. ஆனால் எதிரே ஒருவர் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு பருக்கையும் தெரிந்தது. என் மனைவி பிள்ளைகளின் வாயை வழக்கத்தைவிட அதிகமாகத் துடைத்தாள்.

என்னிடம் அவர் நேராகப் பேசவில்லை. மரியாதைக் குறைவாகவும் நடக்கவில்லை. "வேலையெல்லாம் எப்படிப் போவுது," என்று மேஜையைப் பார்த்துக் கேட்பார். நான் பதில் சொல்வேன். நான் அவரைச் சார் என்றே அழைத்தேன். மாமா என்று சொல்லியிருந்தால் அவர் எழுந்து போயிருக்கமாட்டார் என்று இப்போது தோன்றுகிறது, அப்போது சொல்லவில்லை.

இரண்டாவது முறை, ஆடியில், தம்பி ஒரு முழு டம்ளர் சாக்லேட் மில்க் ஷேக்கை அவர் வேட்டியில் கவிழ்த்தான். வெள்ளை வேட்டி தொடையிலிருந்து முழங்கால் வரை பழுப்பாகிவிட்டது. என் மனைவி காகித நாப்கின்களை அள்ளிக்கொண்டு எழுந்தாள். அவர் எழுந்து வேட்டியை உதறிவிட்டு உட்கார்ந்தார்.

"இப்படியே எப்படிப்பா பஸ்ல போவீங்க? ஊர்ல எறங்கினா கேப்பாங்களே."

"வயலுக்குள்ள கால வச்சேன்னு நெனச்சுக்குவாங்க. கேட்டா அதையே சொல்லிடறேன்."

பாப்பா மூக்கை வேட்டிக்கு அருகே கொண்டுபோனாள். "தாத்தா, சேறு இப்படி வாசம் அடிக்காது."

"நீ சேத்துல எறங்கியிருக்கியா?"

"இல்ல."

"அப்ப ஒனக்கு எப்படித் தெரியும்?"

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். வீடு திரும்பும்போது என் மனைவி வண்டியில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து, "அப்பா சிரிச்சாரு பாத்தீங்களா," என்றாள். பார்த்தேன் என்றேன்.

ஆவணியில் பாப்பா ஊட்டிய உருளைக்கிழங்கு வறுவலை அவர் வாயில் வாங்கிக்கொண்டார். அந்த மாதம் ஒன்று. புரட்டாசியில் அவராகவே தட்டிலிருந்து எடுத்து மூன்று தின்றார், காபியைப் பீங்கான் கோப்பையில் குடித்தார். பாப்பா அவருக்கு ஃபோர்க் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள். "இப்படி இல்ல தாத்தா, பேனா மாதிரி புடிக்கக் கூடாது," என்று அவர் விரல்களைப் பிரித்து வைத்தாள். "சரிங்க டீச்சர்," என்றார். அன்று தம்பி அவர் தோளிலேயே தூங்கிவிட்டான். ஒரு மணி ஆயிற்று, ஒன்றேகால் ஆயிற்று. அவர் எழுந்திருக்கவில்லை. என் மனைவி ஒவ்வொன்றையும் என்னிடம் திரும்பச் சொன்னாள், வாக்கு எண்ணும் நாளில் சுற்றுக்குச் சுற்று முன்னிலை நிலவரம் சொல்வதைப் போல. எனக்கும் நம்பிக்கை வந்திருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நடந்ததை எழுதியதாக ஆகாது.

ஐப்பசியில் இரண்டாவது ஞாயிறும் தம்பியின் மூன்றாவது பிறந்த நாளும் ஒரே நாளில் வந்தன. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பின்னால் இருந்த இரண்டு வயலிலும் சம்பா நட்டு, நாற்றுப் பச்சை பிடித்திருந்தது. விற்ற மனைகளிலும் அதே அளவுக்குத் தண்ணீர் நின்றது. எது வயல், எது மனை என்று எல்லைக் கல்லை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. அவர் குடையோடு வந்தார். பையில் தம்பிக்கு ஒரு மரப் பம்பரம், மூன்று வயதுப் பிள்ளைக்குச் சுற்றத் தெரியாது என்ற யோசனை இல்லாமல் வாங்கியது. பாப்பாவைப் பக்கத்தில் நிற்க வைத்து, அவள் இடுப்பு தன் உடம்பில் எந்த இடத்தில் வருகிறது என்று கையை வைத்துப் பார்த்தார்.

"பாவாடைக்கு எவ்வளவு எறக்கம் எடுக்கறது இவளுக்கு?"

என் மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்குப்பா?"

"கடைக்குப் போவணும். பட்டுல எடுக்கணும்ல எல்லாருக்கும்."

எல்லாருக்கும் என்றார். அந்தச் சொல்லை அவள் அன்று மாலை வரை நாலைந்து முறை சொல்லிப் பார்த்தாள்.

கஃபேயை நடத்தியவர்கள் ஒரு கணவனும் மனைவியும், பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள். பிறந்த நாள் கொண்டாட வரும் பிள்ளைக்கு ஒரு சின்னக் கேக் கொடுத்து, படம் எடுத்து, கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போடுவது அவர்களுடைய வழக்கம். தம்பி அவன் தாத்தாவின் மடியில் இருந்தான். கடைக்காரப் பெண் போனைத் தூக்கி, "ஒரு போட்டோ எடுத்துக்கலாங்களா?" என்று கேட்டாள். நான் அவரைப் பார்த்தேன். எழுந்து போக நேரம் இருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, தம்பியின் தலையைக் கேமராவை நோக்கித் திருப்பினார்.

சற்று நேரத்தில் அவர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். நான் கவுன்டரில் நின்றபோது அந்தப் பெண் போனை என்னிடம் நீட்டினாள்.

"சார், கீழ என்ன போடறது? ஹேப்பி பர்த்டே மட்டும் போடட்டுமா? நீங்க பேப்பர்ல இருக்கீங்கன்னு அக்கா சொன்னாங்க, நீங்களே நல்லா எழுதிக் குடுங்களேன்."

படத்துக்குக் கீழே வரி எழுதுவது என் அன்றாட வேலை. ஒரு நாளைக்கு இருபது எழுதுவேன். எங்கள் டெஸ்கில் ஒரு விதி: முகம் தெரிந்தால் ஆள் யாரென்று போட வேண்டும். இடமிருந்து வலமாகப் பெயர், பதவி, ஊர். ஒருவரை விட்டாலும் மறுநாள் போன் வரும். என் கை யோசிக்கவில்லை. தம்பியின் பெயரைப் போட்டு மூன்றாவது பிறந்த நாள் என்று ஆரம்பித்து, இடமிருந்து வலமாக அம்மாவின் பெயர், அக்காவின் பெயர், தாத்தாவின் மடியில் குழந்தை, கடைசியில் அப்பா என்று எழுதினேன். தாத்தா என்பதற்குப் பக்கத்தில் அவருடைய ஊரையும் பெயரையும் போட்டு, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் என்று முடித்தேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒரு முறை படித்தேன். இல்லை. போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

செய்தியின் கண்ணால் பார்த்தால் அந்த வரியில் தவறே கிடையாது. முப்பது வருடம் ஒரு தாலுகாவுக்கே பாடம் நடத்திய மனிதரின் பெயரையும் ஊரையும் நான் பொதுவில் எழுதிவிட்டேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவருடைய மாணவர்கள் அந்த மாதிரிக் கஃபேக்கு வரமாட்டார்கள் என்பது சரி. மாணவர்களின் பிள்ளைகள் வருவார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் நான் டெஸ்கில் இருந்தேன். திருவாரூர்ப் பக்கம் நடவு மூழ்கிய செய்தியை ஒரு பத்திக்குக் குறைத்துக்கொண்டிருந்தேன். அவர் கூப்பிட்டார். வழி கேட்பதற்காக ஆனியில் என் எண்ணை வாங்கி வைத்திருந்தார். அதில் அவர் பேசியது அதுதான் முதல் முறை.

"நான்தான் பேசறேன்."

"சொல்லுங்க சார்."

"அந்தப் படத்துக்குக் கீழ எழுதுனது கடைக்காரங்களா?"

"இல்ல சார். நான்தான் எழுதுனேன்."

பின்னால் ஏதோ மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. வீட்டிலிருந்து பேசவில்லை என்று தெரிந்தது.

"படம் மட்டும் இருந்தா ஒண்ணும் இல்ல. ஓட்டல்ல நாலு பேரு ஒக்காந்திருப்பாங்க. பக்கத்துல இருந்த புள்ள மடியில வந்து ஏறிக்கிச்சுன்னு சொல்லிடலாம். பேரும் ஊரும் போட்டுத் தாத்தான்னு எழுதியாச்சு. அத என்னன்னு சொல்றது?"

பழைய மாணவர்களுக்கு ஒரு வாட்ஸாப் குழு இருக்கிறது என்றார். அதில் ஒருவர் அந்தப் பக்கத்தை அப்படியே எடுத்துப் போட்டு, ஐயா பேரப்பிள்ளைகளோடு என்று எழுதியிருக்கிறார். அறுபது, எழுபது பேர் வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்கள். பூங்கொத்து, கைகூப்பு. அந்த அறுபது பேரில் ஒருவர் மாப்பிள்ளை வீட்டுக்கு உறவு.

"நேத்து வந்து கேட்டாங்க. மூத்த பொண்ணு சிங்கப்பூர்ல இருக்குன்னுல்ல சொன்னீங்கன்னு."

எனக்கு அது செய்தி. நாங்கள் தஞ்சாவூரில் ஏழு வருடமாக இருக்கிறோம். பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஊரில் அவளைச் சிங்கப்பூரில் வைத்திருந்தார்கள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அவ லீவுக்கு வந்திருந்தா, திங்கக்கெழமையே திரும்பிப் போயிட்டான்னு சொல்லிட்டேன்."

"நம்புனாங்களா?"

"நம்புன மாதிரி நடந்துக்கிட்டாங்க. மூத்தவளுக்கு மாப்ள யாரு, எந்த ஊருன்னு கேக்கல. கேக்காம விட்டாங்க."

"படத்த எடுத்துடச் சொல்றேன் சார். தை வரைக்கும் நாம..."

"தைக்கு அப்புறம் மட்டும்? அதுக்கப்புறமும் அவங்கதானே சம்பந்தி." குரல் உயரவில்லை. வகுப்பில் ஒரு கணக்கின் கடைசி வரியைச் சொல்வதைப் போல இருந்தது. "இனிமே ஞாயித்துக்கெழம வர்றதுக்கில்ல. அவகிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லணும்."

"நீங்களே ஒரு வார்த்த சொல்லிட்டா நல்லது சார்."

"எனக்கு வாய் வராது," என்றார். பிறகு, "புள்ளைக்கு அந்தப் பம்பரத்த இப்பக் குடுக்க வேணாம். ஆணி இருக்கு," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அன்று மாலையே கஃபேக்குப் போய்ப் படத்தை எடுக்கச் சொன்னேன். ஏன் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. இருநூற்றுப் பதினோரு பேருக்குப் பிடித்திருந்ததே சார் என்று மட்டும் சொன்னாள்.

என் மனைவியிடம் சொல்லவில்லை. அடுத்த இரண்டாவது ஞாயிறுக்கு மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிவிட்டேன். அவள் பாப்பாவின் அளவை எழுதி அப்பாவுக்கு அனுப்பியிருந்தாள். பதில் வரவில்லை, மழையில் சிக்னல் இருக்காது என்றாள். தனக்குச் சிவப்பா, மயில் கழுத்து நிறமா என்று என்னிடம் கேட்டாள். எதையோ சொன்னேன்.

கார்த்திகையில் அந்த ஞாயிறு வந்தது. பதினொன்றேகாலுக்கே போய் உட்கார்ந்தோம். பிள்ளைகள் வெளியே சறுக்கு மரத்தில் ஏறினார்கள். மழை ஈரத்தில் பிளாஸ்டிக் வழுக்கியதால் ஒவ்வொரு முறையும் கீழே இருந்த மணலில் போய் விழுந்தார்கள். பன்னிரண்டு ஆனது. அவள் அவருக்கும் சேர்த்து உருளைக்கிழங்கு வறுவல் சொல்லியிருந்தாள். அது ஆறி, நுனி வளைந்துவிட்டது. அவள் போனை எடுத்தாள். நான், "கூப்பிடாத," என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். செய்தி சொல்வதைப் போல வரிசையாக, விட்டுப்போகாமல் சொன்னேன். வாட்ஸாப் குழு, மாப்பிள்ளை வீட்டார், சிங்கப்பூர், இனி வருவதற்கில்லை என்றது. வரியை எழுதியது நான் என்பதைக் கடைசியில் சொன்னேன். எங்கள் தொழிலில் முக்கியமானதை முதலில் சொல்ல வேண்டும்.

"நீங்கதான்னு தெரியும்," என்றாள். "இடமிருந்து வலம்னு வேற யாரு எழுதுவா."

"எப்ப பாத்த?"

"அன்னைக்கே. வீட்டுக்கு வந்து அரை மணி நேரத்துல. ஒடனே ஒங்ககிட்ட சொல்லி எடுக்கச் சொல்லலாம்னு போன கையில எடுத்தேன்."

"ஏன் சொல்லல?"

அவள் வறுவல் ஒன்றை எடுத்துத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். "அப்பா பேரும் புள்ளைங்க பேரும் ஒரே வரியில இருந்துச்சுங்க. எங்கயாச்சும் அப்படி இருந்திருக்கா? ஒரு நாள் இருக்கட்டும்னு நெனச்சேன். மறுநாளும் பாத்தேன். எடுக்க மனசு வரல."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"நீங்க மூணு வாரமா சொன்னீங்களா?"

அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிச் சண்டை போடவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து செய்ததாக ஆகிவிட்டது. தம்பி மணலோடு உள்ளே வந்தான். தாத்தா எங்கே என்று கேட்டான். "தாத்தாவுக்குக் கூட்டம்," என்றாள் அவள், அவன் கையைத் தட்டிவிட்டுக்கொண்டே. பாப்பா கேட்கவில்லை. அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் தன் ஈரமான செருப்பை எடுத்து வைத்தாள். என் மனைவி அதை எடுத்துக் கீழே போட்டாள்.

தையில் கல்யாணம் நடந்தது. எந்த மண்டபம் என்று எங்களுக்குத் தெரியாது. முகூர்த்த நாள் என்பதால் அன்று டெஸ்கில் விளம்பரப் பக்கங்கள் அதிகம். நான் வேலைக்குப் போனேன். அவள் பள்ளிக்குப் போனாள். பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு நடந்துகொண்டிருந்தது. மாலையில் வந்து எழுபது தாள் திருத்தினாள். வாழ்த்து என்று அப்பாவுக்கு ஒரு வரி அனுப்பினாள். படித்ததற்கான நீலக்குறி வந்தது.

அந்தக் கஃபேக்கு நாங்கள் பிறகு போகவில்லை. பிள்ளைகளுக்கு வெளியே சாப்பிட வேண்டும் என்றால் திருச்சி சாலையில் இருக்கும் வேறு ஓர் இடத்துக்குப் போகிறோம். அங்கேயும் சறுக்கு மரம் உண்டு. யாராவது பக்கத்து மேஜையில் படம் எடுக்கப் போனைத் தூக்கினால் என் மனைவி பிள்ளைகளைத் தன் பக்கம் திருப்பிவிடுகிறாள். முதல் முறை அதைப் பார்த்தபோது நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். இப்போது நானே சுவரோரமாக இருக்கும் மேஜையைத்தான் கேட்கிறேன்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே இருந்தோம். தம்பிக்கு நூடுல்ஸ், பாப்பாவுக்குச் சீஸ் இல்லாத சாண்ட்விச். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கையில் பார்சலோடு வாசலுக்குப் போனவர், திரும்பி எங்கள் மேஜைக்கு வந்தார்.

"நீங்க எங்க ஐயா பொண்ணுதானே? அடையாளம் தெரியலையா? உங்க வீட்டுக்கு நோட்டுத் திருத்தித் தர வருவேனே, உங்க கூட கேரம் ஆடியிருக்கேன்."

என் மனைவிக்கு அவரை அடையாளம் தெரிந்தது. முகத்திலேயே தெரிந்தது. "சொல்லுங்கண்ணே, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன்ம்மா. தங்கச்சி கல்யாணத்துல ஒன்னயக் காணுமேன்னு கேட்டேன். லீவு கெடைக்கலன்னு ஐயா சொன்னாரு. எப்ப வந்தீங்க சிங்கப்பூர்லேருந்து?"

நான் தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இல்லை, நாங்கள் இங்கேதான் இருக்கிறோம், கரந்தைக்கு அந்தப் பக்கம், வாங்க வீட்டுக்கு என்று அவள் சொல்லலாம். அப்படிச் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரியும். அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"போன வாரந்தாண்ணே. அடுத்த வாரம் கெளம்பறோம்."

"அப்படியா? ஐயாவப் பாத்தாச்சுல்ல?"

"பாத்தாச்சுண்ணே."

"நல்லது, நல்லது. அங்க வெயிலு எப்படி, இங்க மாதிரிதானா?"

"இதே மாதிரிதாண்ணே. மழை கொஞ்சம் கூட."

அவர் தம்பியின் கன்னத்தைத் தட்டினார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார்; என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வாசலில் வண்டியை எடுத்துக்கொண்டு போகும்வரை அவள் சிரித்தபடியே இருந்தாள்.

"இவரு அப்பாகிட்ட சொல்லுவாரு," என்றாள் பிறகு, தட்டைப் பார்த்துக்கொண்டு. "நான் என்ன சொன்னேன்னு அப்பாவுக்குத் தெரிஞ்சுடும்."

பாப்பா சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வாரம் நாம எங்கம்மா போறோம்?"

"எங்கயும் போவல. சாப்புடு."